பெட்டி வேண்டாம், கேள்வி போதும்: நீலகிரி ஆற்றங்கரைகளில் ஒரு ஜியோகேச்சிங் பயணம் – நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை ஓய்ந்த கார்த்திகையில், நீலகிரியின் ஆறுகளை ஒட்டி ஒரு ஜியோகேச்சிங் தடம் அமைத்து, கோவையிலிருந்து மூன்று கார்களில் குடும்பங்களாகப் போய் வந்தோம். பள்ளிப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், ஒரு புவியியல் ஆசிரியை, மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்று கலவையான குழு. தடம் அமைக்கும் பொறுப்பு பொறியாளருக்கும் எனக்கும். தேடும் பொறுப்பு மற்றவர்களுக்கு. எது நன்றாக நடந்தது, எது தடுமாறியது, இப்படியொரு தடத்தை இனி அமைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் ஆற்றங்கரைகளில் பெட்டியை ஒளித்து வைக்கக் கூடாது. அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும் என்கிற மாதிரி ஒரு நல்ல கேள்வியை வைத்தால் போதும்.

பின்னணி

ஜியோகேச்சிங் என்பது செயற்கைக்கோள் வழிகாட்டியைக் கொண்டு நடக்கும் புதையல் வேட்டை. ஒருவர் ஒரு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து, அதன் ஆயங்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை, வெளியிடுவார். தேடி வருபவர் அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களின் ஜி.பி.எஸ். கருவிகளுக்கு வரும் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. கிளிண்டன் அரசு அதை நிறுத்தியதும் துல்லியம் சட்டென்று கூடியது. அதைச் சோதித்துப் பார்க்க டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை வைத்துவிட்டு ஆயங்களை வெளியிட்டார். விளையாட்டு அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. பெட்டியே இல்லாத வகையும் 2004 முதல் இருக்கிறது: ஆயங்கள் உங்களை ஒரு பாறைக்கோ அருவிக்கோ கூட்டிப்போகும், அங்கே பார்த்ததை வைத்து நிலவியல் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

ஆயங்களை டிகிரி, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுவது வழக்கம். நீலகிரி ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே வடக்கு தெற்காக அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 1.84 மீட்டர் நகர்கிறோம். கிழக்கு மேற்காக 1.82 மீட்டர். பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினோம். எண் என்பது அவர்களுக்கு ஓர் எட்டு வைக்கும் தூரமாகிவிட்டது.

நாங்கள் தேர்ந்தெடுத்த பாதை மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் தொடங்கி, கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறி, ஊட்டியில் தங்கி, பைக்காரா போய்த் திரும்பி, கோத்தகிரி வழியாக இறங்கி, சிறுமுகை தாண்டி பவானிசாகர் அணையில் முடிந்தது. புலிகள் காப்பகத்துக்குள் வேண்டுமென்றே நுழையவில்லை. முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கவே அனுமதியில்லாதபோது அங்கே தேடல் விளையாட்டு வைப்பது முறையாகாது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதை முன்னதாகவே எடுத்துக்கொண்டோம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை கடுமையானது என்பதால், பெட்டி வைக்க நினைத்த இடங்களுக்கு எவர்சில்வர் டப்பாக்களை வாங்கினோம்.

கல்லாறு: காவலர் கேட்ட கேள்வி

முதல் நிறுத்தம் பவானிக் கரை. கேள்வி எளிமையானது: ஆறு எந்தத் திசையிலிருந்து வருகிறது? பிள்ளைகள் திசைகாட்டியைப் பார்த்து மேற்கு என்றார்கள். பவானி நீலகிரியின் குந்தா மலைகளில் பிறந்து, மேற்கே இறங்கிக் கேரளத்துக்குள் போய், அட்டப்பாடி வழியாகத் திரும்பிக் கிழக்கு நோக்கித் தமிழ்நாட்டுக்கு வருகிறது. வரும் வழியில் பில்லூர் அணை. கோவையில் பல வீடுகளின் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான் என்று ஆசிரியை சொன்னபோது, ஆற்றில் கல் எறிந்துகொண்டிருந்த ஒரு பையன் நிறுத்திவிட்டான்.

அடுத்தது கல்லாறு. அங்கே ஒரு பாக்குத் தோப்பின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, வரப்போரக் கற்களுக்கு அடியில் டப்பாவை வைத்திருந்தோம். பிள்ளைகள் ஆயங்களைப் பிடித்துச் சரியான இடத்துக்கே போய்விட்டார்கள். கற்கள் புரட்டப்பட்டுக் கிடந்தன. டப்பா இல்லை. சற்று நேரத்தில் தோப்புக் காவலர் வந்தார். உரிமையாளர் எங்களுக்கு அனுமதி தந்த செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை. டப்பாவைக் கண்டெடுத்தவர், திறக்காமல், மோட்டார் அறைக்கு வெளியே மணல் கொட்டி அதன் மேல் வைத்திருந்தார்.

"கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க மைக்கில் சொல்கிறார்கள் தம்பி. நீங்கள் கல்லுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் என்ன நினைப்பது?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்புகளைக் கோவைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. நாங்கள் போக இருந்த இடங்களையும் நினைத்துப் பாருங்கள்: ரயில் பாலங்கள், அணைகள், மின் நிலையங்கள், அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சுற்றுவட்டாரம். ஆற்றை ஒட்டிய வரலாற்று இடம் எதுவானாலும் அங்கே பெரும்பாலும் ஒரு பாலமோ அணையோ இருக்கும்; அதற்குக் காவலும் இருக்கும். விளையாட்டின் உலகப் பொது விதிகளே இத்தகைய இடங்களில் பெட்டி வைப்பதைத் தடுக்கின்றன. விதியைப் படிப்பது வேறு. மணல் மேட்டின் மேல் உட்கார்ந்திருந்த அந்த டப்பாவைப் பார்த்தது வேறு. பர்லியாற்றில் வைக்க எடுத்துப் போன இன்னொரு டப்பாவை காரை விட்டு இறக்கவே இல்லை. அங்கே குரங்குகளின் நடமாட்டமும் அதிகம். எவர்சில்வர் டப்பா என்றால் அவற்றுக்குச் சாப்பாடு என்றுதான் பொருள்.

காவலரை நோட்டில் முதல் பெயராக எழுதச் சொன்னோம். எழுதினார்.

லாஸ் நீர்வீழ்ச்சி: அலையும் புள்ளி

பர்லியாற்றைத் தாண்டிக் குன்னூருக்கு ஏழு கிலோமீட்டர் முன்பாக, சாலையை ஒட்டிய பள்ளத்தாக்கில் விழுகிறது லாஸ் நீர்வீழ்ச்சி. 1870களின் தொடக்கத்தில் குன்னூர் மலைச்சாலையை அமைத்த லா என்ற ராணுவ அதிகாரியின் பெயர் அதற்கு. குன்னூர் ஆறு இந்தப் பள்ளத்தைக் குடைந்துகொண்டு கீழே இறங்க, சாலை ஒரு சரிவிலும் மலை ரயில் பாதை இன்னொரு சரிவிலும் அதே ஆற்றைப் பின்தொடர்ந்து ஏறுகின்றன. ஆறு வெட்டிய வழியைத்தான் மனிதர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பதை இந்த ஒரு வளைவில் நின்று புரிந்துகொள்ளலாம்.

இங்கே போன்கள் எல்லாம் தடுமாறின. ஒரு பெண்ணின் போனில் நீலப் புள்ளி ஆற்றின் நடுவே போய் நின்றது. அவள் தம்பியின் போனில் அது சாலைக்கு மேலே காட்டுக்குள் இருந்தது. இருவரும் தோளோடு தோள் உரச நின்றுகொண்டிருந்தார்கள். புள்ளியைச் சுற்றிய வெளிர் வட்டம், அதாவது பிழையின் அளவு, மேட்டுப்பாளையத்தில் சிறு பொட்டாக இருந்தது. இங்கே பள்ளத்தாக்கின் அகலத்துக்கே விரிந்துவிட்டது. காரணம் பள்ளத்தாக்கேதான். திறந்த வெளியில் கருவி வானத்தின் எல்லாப் பக்கத்துச் செயற்கைக்கோள்களையும் பார்க்கும். இங்கே இருபுறமும் மலைச்சுவர். தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். அந்தக் கீற்றுக்குள் வரும் செயற்கைக்கோள்கள் குறைவு. வரும் சமிக்ஞையும் நேராக வராமல் ஈரப் பாறையில் மோதித் திரும்பி வருகிறது. சுற்றி வந்த பாதையின் நீளத்தைக் கருவி நேர்ப்பாதை என்று எடுத்துக்கொண்டு இடத்தைத் தப்பாகக் கணிக்கிறது. ஈரமான இலைக் கூரையும் சமிக்ஞையை விழுங்குகிறது.

இங்கே ஒரு பெட்டி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பிள்ளைகள் நீலப் புள்ளியை நம்பிப் பாறையில் இறங்கியிருப்பார்கள். இந்த அருவியில் வழுக்கி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. எங்கள் நிறுத்தம் சாலையோரத் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம். கேள்வி: தண்ணீரின் நிறத்தையும் நுரையையும் பாருங்கள், மேலே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பதில் குன்னூர் நகரம். ஆறு ஊருக்குள் புகுந்து வருகிறது; ஊர் தன் கழிவை அதில் கலக்கிறது. அருவியின் அடியில் கட்டிப்போன நுரையையும், கிளைகளில் தோரணமாகச் சிக்கியிருந்த துணிகளையும் பைகளையும் பிள்ளைகள் எழுதிவைத்தார்கள். ஒரு சிறுமி, "அம்மா, இதையெல்லாம் யார் எடுப்பார்கள்?" என்று கேட்டாள். அவள் அம்மாவிடம் பதில் இல்லை. என்னைப் பொறுத்தவரை, இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த கேள்வி விடைத்தாளில் இல்லாத இந்தக் கேள்விதான்.

குன்னூர் ரயில் நிலையத்தில் சிறு நிறுத்தம். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே 12க்கு 1 என்ற சரிவில் ரயில் ஏறுவதற்குத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் உண்டு. சட்டம் ஒன்றா, இரண்டா என்பது கேள்வி. இரண்டு, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். பிளாட்பாரத்தில் நின்றே பார்த்துவிடலாம்.

காட்டேரி நீர்வீழ்ச்சியைக் குன்னூர்–குந்தா சாலையிலிருந்து தூரத்தில் பார்த்துக்கொண்டு கடந்தோம். 1904ஐ ஒட்டி அரவங்காட்டுத் தொழிற்சாலை தொடங்கியபோது அதற்கான மின்சாரம் இந்த அருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது மட்டும் மறுநாள் பைக்காராவுக்குத் தேவைப்பட்ட முன்குறிப்பு.

பைக்காரா: இரண்டு போன், இரண்டு உயரம்

பயணத்தின் நடுமையம் பைக்காராதான். ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். முக்குறுத்தியில் பிறந்து வரும் இந்த ஆற்றைத் தோடர்கள் தெய்வமாக மதிக்கிறார்கள். அவர்களுடைய மந்துகள், அதாவது குடியிருப்புகள், இருக்கும் புல்வெளிப் பக்கம் எந்த நிறுத்தமும் வைக்கக் கூடாது என்பதில் பொறியாளர் உறுதியாக இருந்தார். அடுத்தவர் கோயில் வாசலில் நின்று விளையாடுவோமா என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிட்டார்.

அணைக்கரையில் நின்று கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறோம் என்று பார்க்கச் சொன்னோம். அங்கேதான் ஒரு சுவையான சண்டை தொடங்கியது. ஒரு போன் ஒரு எண்ணைக் காட்ட, பக்கத்திலிருந்த வேறு வகைப் போன் அதைவிடச் சுமார் 90 மீட்டர் குறைத்துக் காட்டியது. லாஸ் நீர்வீழ்ச்சியில் பார்த்த பள்ளத்தாக்குப் பிழை என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொன்னார்கள். இங்கேயோ வானம் நாலு பக்கமும் திறந்து கிடந்தது.

பொறியாளர் ஒரு பேப்பரில் வரைந்து காட்டினார். செயற்கைக்கோள் கருவி பூமியை வழுவழுப்பான ஒரு நீள்கோளமாக எடுத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல்மட்டம் அப்படி வழுவழுப்பானதல்ல. ஈர்ப்பு விசை கூடும் இடத்தில் மேடும் குறையும் இடத்தில் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. நீள்கோளத்தைவிட அங்கே கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்வு. தென்னிந்தியா முழுதும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. கோவை, நீலகிரி வட்டாரத்தில் தாழ்வு சுமார் 90 மீட்டர். சில போன்கள் அதைத் திருத்திக் கடல்மட்ட உயரத்தைக் காட்டுகின்றன; சில திருத்தாமல் அப்படியே காட்டுகின்றன.

"ஆக ரெண்டு போனும் பொய் சொல்லவில்லை. எங்கிருந்து அளக்கிறாய் என்று கேட்காமல் எவ்வளவு உயரம் என்று கேட்கக் கூடாது கண்ணு" என்றார்.

இதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒரே போனில் முதல் நாள் மேட்டுப்பாளையத்தில் எடுத்த உயரத்தை இங்கே எடுத்த உயரத்திலிருந்து கழித்தாள். மற்றொரு போனிலும் அதையே செய்யச் சொன்னாள். வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிழை இருந்தால் கழிக்கும்போது அது போய்விடும் என்று அவளாகவே சொன்னாள். ஆசிரியை அவள் நோட்டை வாங்கி எல்லாருக்கும் காட்டினார்.

உயரத்தைப் பற்றி இவ்வளவு பேசியதற்குக் காரணம், பைக்காராவின் வரலாறே ஓர் உயர வித்தியாசத்தின் வரலாறு என்பதுதான். பீடபூமியின் விளிம்பில் கிளன்மார்கனிலிருந்து, கீழே சிங்காரா மின் நிலையத்துக்குக் குழாய்களில் தண்ணீர் சுமார் 3,000 அடி இறங்குகிறது. 1932இல் மின் உற்பத்தி தொடங்கியபோது உலகத்திலேயே மிக உயரமான வீழ்ச்சி கொண்ட நிலையங்களில் அதுவும் ஒன்று. இவ்வளவு உயரத்திலிருந்து வரும் நீருக்குப் பெல்டன் சக்கரம்தான் ஏற்றது: நீர்த்தாரை சக்கரத்தின் கிண்ணங்களில் அறைந்து அதைச் சுழற்றும். பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்தோம். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டித் தண்ணீர் 900 மீட்டர் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் 2.45 யூனிட், இழப்புப் போக ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரம். அந்த மின்சாரம் கோவைக்கு வந்த பிறகுதான் 1930களில் அங்கே பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. எங்கள் குழுவில் இருந்த ஒருவரின் தாத்தா மில் தொழிலாளி. பைக்காரா என்ற சொல்லை மில்லில் கரண்ட் என்ற பொருளில்தான் அவர் சொல்லக் கேட்டிருக்கிறாராம்.

பிறகு அருவிக்குப் போனோம். பைக்காராவின் கடைசி இரண்டு அருவிகளும் 55, 61 மீட்டர் உயரம் கொண்டவை. ஆனால் பாறையில் நீர் நூலாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் லாஸ் நீர்வீழ்ச்சி ஆர்ப்பரித்து விழுந்ததே, இங்கே ஏன் இப்படி? இதுதான் கேள்வி. பதிலில் இரண்டு பகுதி உண்டு. நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மேற்கே பைக்காரா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் ஆட்சி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஆக, கார்த்திகையில் மேற்கு ஆறு மெலிந்திருப்பது இயல்பு. இரண்டாவது பகுதி, அணை தேக்கிய நீர் அருவிக்கு வராமல் குழாய்க்குப் போகிறது. முதல் பகுதியை ஆசிரியை உதவியில்லாமல் யாரும் சொல்லவில்லை. இரண்டாவதை அணைக்கரையில் நின்ற பிறகு எல்லாருமே சொல்லிவிட்டார்கள்.

இங்கே பெட்டிக்கு நாங்கள் செய்திருந்த மாற்று ஏற்பாடு இந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பாக அமைந்தது. சாலையோரம் டீயும் வேகவைத்த சோளமும் விற்கும் ஓர் அக்காவிடம் வருகை நோட்டைக் கொடுத்து வைத்திருந்தோம். சரியான பதிலைச் சொல்பவருக்கே அவர் நோட்டைத் தர வேண்டும். அவர் அதோடு நிற்கவில்லை. பதிலைக் கேட்டுவிட்டு, ஆனி ஆடியில் வந்து பாருங்கள், இதே அருவியில் பேச்சுக் குரல் கேட்காது என்றார். எந்த மாதம் எந்தப் பாறை வரை தண்ணீர் ஏறும் என்று கையால் காட்டினார். கல்லாற்றில் காவலரைப் பயமுறுத்திய அதே வேலையை இங்கே ஒருவர் உரிமையோடு எடுத்துச் செய்தார். வேறுபாடு, அவரிடம் முதலில் பேசி, அவருடைய ஒப்புதலோடு வைத்தோம் என்பதில் இருக்கிறது.

கோத்தகிரி, கோடநாடு

திரும்பும் வழியில் கோத்தகிரிக்கு அருகே ஓர் உறவினரின் தேயிலைத் தோட்டத்து வீட்டு முற்றத்தில் மட்டும் டப்பா வைத்தோம். பிள்ளைகளுக்கு அது பெருங்கொண்டாட்டம். பூந்தொட்டிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தபோது எழுந்த கூச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கையால் தொட்டுத் திறக்கும் மகிழ்ச்சி தனிதான். அதற்கு வீட்டு முற்றமே போதுமான இடம்.

கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பங்களாவை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, கோடநாடு காட்சிமுனைக்குப் போனோம். 1819இல் மலையேறிய கோவை கலெக்டரின் வீடு அது. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் நான் நீட்டவில்லை.

கோடநாட்டில் மூடுபனி சிக்கலாகிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் வடக்கே அதலபாதாளத்தில் மாயாறு ஓடும்; கரையில் தெங்குமரஹாடா கிராமம் தெரியும்; கிழக்கே பவானிசாகர் நீர்ப்பரப்பு மின்னும். ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது, அதன் பாதை ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது என்பது கேள்வி. நாங்கள் போன பிற்பகலில் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. காத்திருந்தோம், ஒரு கார்க்காரர்கள் பொறுமையிழந்து புறப்பட்டார்கள். மற்றவர்களுக்குப் பனி சிறிது விலகியபோது பள்ளத்தின் ஒரு துண்டு தெரிந்தது. விடையை ஆசிரியை வரைபடத்தில்தான் விளக்க வேண்டியிருந்தது. நீலகிரி சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான சார்னோக்கைட் பாறையால் ஆன பெரும் பாளம். அதன் வடக்கு ஓரத்தில் மாயாற்றுப் பிளவு மண்டலம். தெற்கு ஓரத்தில் பவானிப் பிளவு மண்டலம். பூமியின் மேலோடு நசுங்கி நழுவிய அந்தக் கோடுகளில் பாறை பலவீனமாக இருப்பதால் ஆறுகள் அவற்றையே பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. பைக்காரா ஆறு மலையை விட்டு இறங்கியதும் மாயாறாகி வடக்கைச் சுற்றுகிறது. பவானி தெற்கைச் சுற்றுகிறது. இரண்டும் சேரும் இடம்தான் எங்கள் கடைசி நிறுத்தம்.

பவானிசாகர்: நீருக்குள் ஒரு ஆயம்

மேட்டுப்பாளையம் இறங்கிச் சிறுமுகை வழியாகப் போனோம். 1821இல் தொடங்கி 1823இல் முடிந்த முதல் மலைச்சாலை இந்தச் சிறுமுகையிலிருந்துதான் கோத்தகிரிப் பக்கம் ஏறியது. லா அமைத்த குன்னூர்ச் சாலை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால் மலையின் வாசல் இதுவாக இருந்தது.

அதற்கும் முந்தைய வாசல் டணாய்க்கன்கோட்டை. பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் ஹொய்சளத் தண்டநாயகர்கள் வைத்திருந்த கோட்டை. நீலமலையை வென்றதையும் தோடர்களை அஞ்ச வைத்ததையும் சொல்லும் ஹொய்சளக் கல்வெட்டு 1117ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நீலகிரியையும் தோடர்களையும் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று அது. 1812இல் மலையை அளக்க முதலில் ஏறிய கம்பெனி நில அளவையர் கீஸ் புறப்பட்டதும் இந்தக் கோட்டையிலிருந்துதான். 1950களின் நடுவில் பவானிசாகர் அணை எழுந்தபோது கோட்டையும் மாதவராயப் பெருமாள் கோயிலும் நீருக்குள் போயின. கடும் வறட்சி வந்து அணை வற்றும் ஆண்டுகளில் கோயில் வெளியே தெரியும். பத்திரிகைகளில் படம் வரும்.

கடைசி ஆயம் நீர்ப்பரப்பின் நடுவே விழுந்தது. பிள்ளைகள் திகைத்தார்கள். போகவே முடியாத இடத்தை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். போக வேண்டாம், கண்டுபிடியுங்கள் என்றோம். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடச் சொன்னோம். அணை நிறைந்த ஆண்டின் படத்தில் வெறும் நீலம். வறண்ட ஆண்டின் படத்தில் சேற்று வெளியில் இரண்டு ஆறுகளும் பழைய தடத்திலேயே நெளிந்து வந்து கூடுவது தெளிவாகத் தெரிந்தது. கூடும் இடத்தைக் குறித்து, நாங்கள் நின்ற கரையிலிருந்து அதன் திசையைத் திசைகாட்டியில் எடுத்தார்கள்.

விடை சரியா என்று பார்க்க ஒருத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் ஓடினாள். "அம்மாயி, தண்ணீருக்குள்ளே கோயில் எந்தப் பக்கம்?" பாட்டி கரண்டியாலேயே ஒரு திசையைக் காட்டினார். திசைகாட்டி சொன்ன பக்கமும் அதுதான். "வற்றினால் வா கண்ணு, நடந்தே போகலாம். நாங்கள் போய்க் கும்பிட்டிருக்கிறோம்" என்றார். வருகை நோட்டில் கடைசிப் பக்கத்தை அவருக்கு முன்னால் வைத்துதான் எழுதினோம்.

மாற்றங்கள்

பயணம் முடிந்து சில வாரம் கழித்துப் பிள்ளைகளிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டோம். கோத்தகிரி டப்பாவைப் பற்றிச் சொன்னவர்கள் அது எங்கே இருந்தது என்று சொன்னார்கள். அந்த ஊரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பைக்காராவையும் பவானிசாகரையும் சொன்னவர்கள் காரணத்தோடு சொன்னார்கள்: இரண்டு போன், 90 மீட்டர், கரண்டி காட்டிய திசை. லாஸ் நீர்வீழ்ச்சியின் நுரையை எல்லாருமே சொன்னார்கள்.

அதனால் தடத்தை மாற்றி எழுதியிருக்கிறோம். கல்லாற்றுப் பெட்டி போய்விட்டது. அந்தத் தோப்புக் காவலரே ஒப்புக்கொண்டால் நோட்டு அவரிடம் இருக்கும். தேடல் தளத்தில் ஆயங்களோடு எந்தெந்த மாதங்களில் கேள்வி செல்லும் என்பதையும் சேர்க்கிறோம். பைக்காராவின் கேள்வி ஆடியில் வேறாக இருக்க வேண்டும், லாஸ் நீர்வீழ்ச்சியின் கேள்வி கோடையில் வேறாக இருக்க வேண்டும். கோடநாட்டை மாலையிலிருந்து காலைக்கு மாற்றி, பனி மூடினால் வரைபடத்திலிருந்தே விடை காணும் இரண்டாவது கேள்வியையும் வைத்துவிட்டோம். உயரம் கேட்கும் எல்லாக் கேள்விகளும் இனி உயர வித்தியாசத்தையே கேட்கும். குன்னூர் நகராட்சிக்கு அனுப்ப, லாஸ் நீர்வீழ்ச்சியில் பிள்ளைகள் எழுதிய குறிப்புகளை ஆசிரியை தொகுத்துக்கொண்டிருக்கிறார். தேதியும் ஆயங்களும் அவற்றில் ஏற்கெனவே இருக்கின்றன.